கண்ணாடி சரியில்லையா? மறுபடி பணம் கட்டும் முன் அறிகுறி வாரியாகப் பாருங்கள்

புதுக் கண்ணாடி வாங்கிய மறுநாளே ஏதோ சரியில்லை என்று தோன்றினால், பலர் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். "பழகிவிடும்" என்று மாதக்கணக்கில் தலைவலியோடு இருப்பார்கள். இல்லையென்றால் வேறு கடைக்குப் போய் மறுபடி டெஸ்ட், மறுபடி லென்ஸ், மறுபடி பில். இரண்டுமே தேவையில்லை. ஒரு கண்ணாடியில் தவறு நுழையக்கூடிய இடங்கள் நான்குதான்: கண் பரிசோதனை, பவர் எழுதிய சீட்டு, லென்ஸ், அந்த லென்ஸை ஃபிரேமில் பொருத்திய விதம். எந்த இடத்தில் தவறு என்று பிடித்துவிட்டால் அதை யார் சரி செய்ய வேண்டும், யார் செலவில் என்பதும் தெளிவாகிவிடும். பிடிக்காமல் போய் நின்றால் கடைக்காரர் டாக்டரைச் சொல்வார், டாக்டர் கடைக்காரரைச் சொல்வார், நடுவில் பணம் உங்களுடையது.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் படித்தால் போதும். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் பார்த்துவிடுங்கள்.

தொடங்கும் முன்

சீட்டு, பில், பழைய கண்ணாடி. இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம். நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த பழைய கண்ணாடிதான் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும் நல்ல சாட்சி. எந்தக் கண்ணாடிக் கடையிலும் லென்சோமீட்டர் என்ற கருவி இருக்கும். அதில் வைத்தால் ஒரு நிமிடத்தில் அந்த லென்ஸின் பவர் தெரிந்துவிடும். பெரும்பாலான கடைகளில் இதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

சீட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வலது கண், இடது கண் என்று இரண்டு வரிசை. எஸ்.பி.எச். என்பது அடிப்படை பவர்: மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, ப்ளஸ் என்றால் தூரப்பார்வை. சி.ஒய்.எல். என்பது சிலிண்டர் பவர். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாதவர்களுக்கு இது வரும். அந்தச் சிலிண்டரை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் ஆக்சிஸ், 1 முதல் 180 வரை ஏதாவது ஒரு எண். நாற்பதைத் தாண்டினால் ஆட் என்று ஒரு ப்ளஸ் எண் சேரும், அது வெள்ளெழுத்துக்கு. பி.டி. என்பது இரண்டு பாவைகளுக்கும் (கண்ணின் நடுவிலுள்ள சின்னக் கறுப்பு வட்டம்) நடுவே உள்ள தூரம், மில்லிமீட்டரில். பவர்கள் எல்லாம் 0.25, 0.50, 0.75 என்று கால் கால் படியாகத்தான் ஏறும். ஒரு படி வித்தியாசம் பெரிய விஷயமே இல்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கறுப்பு அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மங்கலாகத் தெரியும் கண்ணால் அந்தத் துளை வழியே எதிர்ச் சுவரிலுள்ள காலண்டரைப் பாருங்கள். துளை வழியே எழுத்து தெளிந்தால் பிரச்சினை பெரும்பாலும் பவரில். தெளியவே இல்லை என்றால், அது கண்ணாடியால் தீராத ஒன்றாக இருக்கலாம்: புரை, விழித்திரைக் கோளாறு, வேறு ஏதாவது. அப்போது போக வேண்டிய இடம் கண் மருத்துவர், கண்ணாடிக் கடை இல்லை.

கடைக்குப் போகவே கூடாத அறிகுறிகள்

திடீரென்று ஒரு கண்ணில் மின்னல் வெட்டுவது போல ஒளி, கறுப்புப் புள்ளிகள் கொத்தாக மிதப்பது, பார்வையில் ஒரு பக்கம் திரை இறங்கியது போல மறைவது: விழித்திரை பிய்ந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கண் சிவப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் கண் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். அதுவும் அன்றைக்கே. குழந்தையின் பாவை புகைப்படத்தில் வெள்ளையாகத் தெரிந்தாலும் தள்ளிப் போடக் கூடாது. இவற்றுக்கெல்லாம் "பவர் ஏறியிருக்கும்" என்று கண்ணாடிக் கடையில் நேரம் போக்குவது ஆபத்து.

"மூன்று இடத்தில் மூன்று பவர் சொல்கிறார்கள்"

கவுன்ட்டரில் அதிகமாகக் கேட்கும் புலம்பல் இது. முதலில், மூன்றும் உண்மையிலேயே வேறு வேறுதானா என்று பாருங்கள். சிலிண்டர் பவரை இரண்டு விதமாக எழுதலாம். ஒரு சீட்டில் −1.00, சிலிண்டர் −0.50, ஆக்சிஸ் 180 என்று இருக்கும். இன்னொன்றில் −1.50, சிலிண்டர் +0.50, ஆக்சிஸ் 90. இரண்டும் ஒரே லென்ஸ்தான். மாற்றிப் பார்க்கும் கணக்கு சுலபம்: முதல் எண்ணோடு சிலிண்டரைக் கூட்டுங்கள், சிலிண்டரின் குறியை மாற்றுங்கள், ஆக்சிஸை 90 பாகை திருப்புங்கள். இது தெரியாமல் "அந்த ஆஸ்பத்திரியில் தப்பாக எழுதிவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

கணக்குப் போட்டும் வேறுபட்டால், ஒவ்வொரு பரிசோதனையும் எப்படி நடந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தாடையை வைத்து, உள்ளே பலூன் படத்தையோ வீட்டுப் படத்தையோ பார்க்கச் சொன்ன அந்தக் கம்ப்யூட்டர் இயந்திரம் தருவது ஒரு தொடக்க எண் மட்டுமே. அதற்குப் பிறகு சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னே போட்டது தெளிவா" என்று கேட்டுத்தான் பவரை முடிவு செய்ய வேண்டும். இயந்திரச் சீட்டில் வந்த எண்ணை அப்படியே லென்ஸாகப் போட்டால் அந்தக் கண்ணாடி உங்களுக்கு ஒத்துவருமா என்பது அதிர்ஷ்டம். முடிவில் சோதனைச் சட்டத்தைப் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்து பார்க்கவும் கேளுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கு நேரம் தராத இடத்தில் டெஸ்ட் இலவசமாக இருந்தாலும் வேண்டாம்.

சர்க்கரை நோய் இருக்கிறதா? இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸும் நீர் கோத்து மாறும், கூடவே பவரும் மாறும். மருந்து புதிதாகத் தொடங்கிய அல்லது மாற்றிய வாரங்களில் எடுத்த பவரை நம்பிக் கண்ணாடி செய்யாதீர்கள். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து சில வாரம் கழித்துப் பாருங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றி ஒரு நாளாவது கழித்துப் போக வேண்டும். கடினமான வகை என்றால் இன்னும் அதிக நாள், எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே பரிசோதிப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையில் இலவசமாகச் செய்யும் டெஸ்ட் பவருக்கு மட்டும்தான். கண் அழுத்தம், விழித்திரை, புரை எதையும் அங்கே பார்ப்பதில்லை. நாற்பது வயதுக்கு மேல், சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம் உள்ளவர், வீட்டில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தவர் என்றால் முழுப் பரிசோதனை தேவை. அதற்குத் தனியார் மருத்துவமனைதான் என்றில்லை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் கண் பிரிவு உண்டு. சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது, இன்றும் கூட்டம் குறையவில்லை. மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் பார்வை மையங்களை நடத்துகிறது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் சோதிப்பார், பெரிய மருத்துவமனை டாக்டர் வீடியோவில் பேசுவார், கட்டணமும் குறைவு. ஒரு நாள் கூலியை விட்டு நகரத்துக்கு பஸ் ஏற வேண்டியவர்களுக்கு இதுதான் உண்மையான மிச்சம்.

போகும்போது ஒன்று. பாவையை விரிக்கச் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து கலங்கும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், யாரையாவது அழைத்துப் போங்கள்.

"புதுக் கண்ணாடி போட்டால் தரை சாய்கிறது, தலை சுற்றுகிறது"

முதல் கேள்வி: இந்த முறை சிலிண்டர் புதிதாக வந்திருக்கிறதா, அல்லது ஆக்சிஸ் மாறியிருக்கிறதா? பழைய சீட்டை வைத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் தரை சாய்வது, கதவு நிலை கோணலாகத் தெரிவது எல்லாம் எதிர்பார்க்க வேண்டியதே. ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம், காலையில் எழுந்ததிலிருந்து தொடர்ந்து போட்டால் மூளை பழகிவிடும். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டால் பழகவே பழகாது.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால், அல்லது சிலிண்டர் மாறவே இல்லையென்றால், லென்சோமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியைச் செய்த கடையில் பார்ப்பதைவிட வேறு கடையில் பார்ப்பது நல்லது. எஸ்.பி.எச்., சி.ஒய்.எல்., ஆக்சிஸ் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஆக்சிஸ் விலகினால் எவ்வளவு கெடும் என்பதற்கு ஒரு கணக்கு: 10 பாகை விலகினால் சிலிண்டரின் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது. 30 பாகை விலகினால் அந்தச் சிலிண்டர் போட்டதே வீண். சிலிண்டர் 0.50 மட்டும் என்றால் ஐந்து பாகை வித்தியாசம் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. 2.50 என்றால் அதே ஐந்து பாகை தலைவலி தரும். வட்ட ஃபிரேமில் லென்ஸ் லேசாகச் சுழன்றுவிடுவதும் உண்டு. திருகைத் தளர்த்தித் திருப்பி வைத்தால் போதும், புது லென்ஸ் வேண்டாம்.

பவர் சரியாக இருந்தும் சுற்றல் நிற்கவில்லையா? அடுத்து பி.டி. லென்ஸின் ஒளி மையம் பாவைக்கு நேராக இருக்க வேண்டும். விலகினால் லென்ஸ் பட்டகம் போல வேலை செய்யும், கண் தசை அதைச் சமாளிக்கப் போராடும். பவர் 1 உள்ளவருக்கு 3 மி.மீ. விலகல் ஒன்றும் செய்யாது. பவர் 6 உள்ளவருக்கு அதே 3 மி.மீ. ஏறக்குறைய 2 பிரிசம் (பட்டக விலகலை அளக்கும் அலகு) அளவுக்குப் போய்விடும். ஒரு லென்ஸின் மையம் மேலேயும் மற்றதன் மையம் கீழேயும் இருந்தால் இன்னும் மோசம், மேல்கீழ் விலகலைக் கண்ணால் மிகக் கொஞ்சமே சமாளிக்க முடியும். இது முழுக்க முழுக்கக் கடையின் ஃபிட்டிங் தவறு. மாற்றித் தர வேண்டியது அவர்கள்.

"ஒரு கண்ணில் மட்டும் தெளிவில்லை"

ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்து, அதன் வழியே தூரத்திலுள்ள ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கம்பியும் கூடவே அதே பக்கம் நகர்ந்தால் மைனஸ் லென்ஸ், எதிர்ப்பக்கம் ஓடினால் ப்ளஸ். சீட்டில் மைனஸ் இருக்க, லென்ஸ் ப்ளஸ் ஆக இருந்தால் இந்தச் சோதனையிலேயே அகப்பட்டுவிடும். கையெழுத்துச் சீட்டில் குறி மங்கலாக இருந்தால் இப்படி நடக்கும். அதேபோல் வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் போட்டுவிடுவதும் உண்டு. இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறு என்றால் எந்தப் பக்கம் கம்பி அதிகமாக நகர்கிறது என்று பார்த்தாலே ஓரளவு தெரியும்.

லென்ஸ் சரியாக இருந்து, அந்தக் கண் மட்டும் எப்போதுமே கொஞ்சம் மங்கல்தான் என்றால், சின்ன வயதிலிருந்தே சோம்பேறிக் கண்ணாக, அதாவது பார்வை முழுதாக வளராமல் போன கண்ணாக இருக்கலாம். அதைக் கண்ணாடி முழுதாகத் தெளிவாக்காது. டெஸ்ட் செய்யும்போதே "இந்தக் கண்ணில் கடைசி வரி வரை வருமா" என்று கேட்டு, எந்த வரி வரை படித்தீர்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் வாக்குவாதம் வந்தால் அந்த எண் கைகொடுக்கும்.

"தூரம் பளிச்சென்று இருக்கிறது, படிக்க முடியவில்லை"

நாற்பதுக்கு மேல் உள்ளவர்களின் பிரச்சினை இது. அதிகப் பணம் வீணாவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செய்தித்தாளை முகத்துக்கு மிக அருகே கொண்டுவந்தால்தான் தெரிகிறது என்றால் ஆட் அதிகமாகிவிட்டது. இதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. சிலர் சீட்டில் ஆட் எழுதுவார்கள், சிலர் கிட்டே பார்க்கும் மொத்த பவரையே எழுதுவார்கள். தூரம் +1.00, ஆட் +2.00 என்றால் மொத்தம் +3.00. அந்த +3.00-ஐ ஆட் என்று எடுத்துக்கொண்டு கடை லென்ஸ் போட்டால் படிக்கும் தூரம் ஒரு முழத்துக்கும் கீழே சுருங்கிவிடும். சீட்டைப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

இதற்கு நேர்மாறு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினால்தான் எழுத்து தெளிகிறது என்பது. அப்படி என்றால் ஆட் போதவில்லை. லென்ஸ் கண்ணைவிட்டு விலகும்போது ப்ளஸ் பலம் கூடுவதால்தான் அந்தத் தெளிவு வருகிறது.

பைஃபோகல் (மேலே தூரத்துக்கு, கீழே படிக்க என்று இரண்டு பவர் உள்ள லென்ஸ்) என்றால், கடைகளில் கேடி, டி என்று இரண்டு வகை சொல்வார்கள். கேடியில் படிக்கும் பகுதி கீழே வட்டமாக இருக்கும், டி வகையில் மேல்விளிம்பு நேர்கோடு. டி வகையின் அந்தக் கோடு கீழ் இமை விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும். மேலே ஏறினால் நடக்கும்போது குறுக்கே வரும், படி இறங்குவது பயமாக இருக்கும்.

புரோகிரசிவ் தனிக் கதை. மேலே தூரம், நடுவில் கம்ப்யூட்டர் தூரம், கீழே படிப்பு என்று கோடு இல்லாமல் பவர் மாறிக்கொண்டே போகும் லென்ஸ் இது. இரு ஓரங்களிலும் கலங்கும், அது இந்த லென்ஸின் பிறவிக் குணம். விலை கூடிய வகையில் ஓரக் கலங்கல் குறையும், இல்லாமல் போகாது. பக்கத்திலுள்ள பொருளைப் பார்க்கக் கண்ணை மட்டும் ஓட்டாமல் தலையைத் திருப்பப் பழக வேண்டும்.

பழகியும் வசப்படவில்லை என்றால் கழுத்தைக் கவனியுங்கள். படிக்கத் தாடையை உயர்த்த வேண்டியிருக்கிறதா? லென்ஸ் கீழே இறங்கிப் பொருந்தியிருக்கிறது. தூரம் பார்க்கத் தலையைக் குனிய வேண்டியிருக்கிறதா? லென்ஸ் மேலே ஏறியிருக்கிறது. படிக்கும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பினால்தான் தெரிகிறதா? பி.டி. தவறு. முதல் இரண்டையும் சில நேரம் மூக்குப் பட்டையை நெருக்கியோ அகட்டியோ ஃபிரேமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்த்தி இறக்கியே தீர்த்துவிடலாம். பைசா செலவில்லை. அது போதவில்லை என்றால் லென்ஸில் குறியிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு புரோகிரசிவ் லென்ஸிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத இரண்டு நுண்குறிகள் 34 மி.மீ. இடைவெளியில் பொறிக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அவற்றை வைத்து, லென்ஸ் நிறுவனத்தின் அளவு அட்டையின் மேல் கண்ணாடியை வைத்து, பொருத்தும் குறி எங்கே என்று பேனாவால் வரைய முடியும். நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்க்கும்போது அந்தக் குறி பாவைக்கு நேர் வர வேண்டும். வரவில்லை என்றால் வாதம் முடிந்தது. புதுக் கண்ணாடி வாங்கும்போதே "குறியை அழிக்காமல் கொடுங்கள், போட்டுப் பார்த்துவிட்டு அழிக்கலாம்" என்று கேட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நாள் முழுதும் மானிட்டர் முன்னால் உட்காருகிறவருக்கு புரோகிரசிவில் கழுத்து வலிக்கத்தான் செய்யும், ஏனென்றால் நடுப்பகுதி குறுகலானது. அவர்களுக்கு என் யோசனை: மானிட்டர் தூரத்துக்கென்று ஒரே பவரில் சாதாரணக் கண்ணாடி ஒன்று, வெளியே போக ஒன்று. இரண்டும் சேர்ந்தும் பல நேரம் ஒரு நல்ல புரோகிரசிவின் விலைக்குக் கீழேதான் வரும். தூரத்துக்குப் பவரே இல்லாமல் படிக்க மட்டும் சிரமம் என்றால் தெருவோரம் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ரெடிமேட் ரீடிங் கண்ணாடியே போதும். அதில் இரு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது. இந்த இரண்டும் உங்களுக்குப் பொருந்துமா என்று மட்டும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டால் கண் கெட்டுவிடும் என்பது கட்டுக்கதை.

"ஃபிரேம் விலை பார்த்துப் போனேன், பில் இரண்டு மடங்கு"

விளம்பரத்தில் ஃபிரேம், பில்லில் லென்ஸ். லாபம் இருக்கும் இடமும் லென்ஸ்தான். அதனால் ஃபிரேமை எடுக்கும் முன் "என் பவருக்கு, சாதாரண லென்ஸ், ரிஃப்ளெக்ஷன் குறைக்கும் கோட்டிங்கோடு, எல்லாம் சேர்த்து என்ன விலை" என்று கேளுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு கூடுதலும் எதற்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

மெல்லிய லென்ஸ்: லென்ஸ் பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண் 1.50, 1.56, 1.60, 1.67, 1.74 என்று ஏற ஏற லென்ஸ் மெலியும், விலை ஏறும். பவர் 2-க்குள் என்றால் 1.60-க்கு மேல் போவதில் அர்த்தமே இல்லை. பவர் 4, 5 என்றால் 1.60 நியாயம், 6-ஐத் தாண்டினால் 1.67. ஆனால் லென்ஸ் ஓரத்தின் தடிமனைக் குறைக்க இதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது: சின்ன, வட்டத்தை ஒட்டிய ஃபிரேம். மைனஸ் 6 பவரைப் பெரிய சதுர ஃபிரேமில் போட்டுவிட்டு 1.74 வாங்குவது வீண். 1.67, பாலிகார்பனேட் போன்றவற்றில் ஓரமாகப் பார்க்கும்போது டியூப்லைட்டைச் சுற்றி மெல்லிய வண்ணக் கோடு தெரியலாம். அது பொருளின் தன்மை, பவர் தவறு இல்லை.

ரிஃப்ளெக்ஷன் குறைக்கும் கோட்டிங் வாங்கத் தகுந்ததுதான், இரவில் வண்டி ஓட்டுகிறவருக்குக் கட்டாயம். நீல ஒளியை மறிக்கும் என்று விற்கும் புளூ கட் பற்றி என் கருத்து வேறு. கடையில் ஊதா டார்ச் அடித்து, லென்ஸ் அதை மறிப்பதைக் காட்டுவார்கள். அந்த டார்ச்சின் ஒளி 405 நானோமீட்டரை ஒட்டியது. உங்கள் போன் திரையின் நீலம் பெரும்பாலும் 450 அருகே. மறித்துக் காட்டுவது ஒன்று, திரையிலிருந்து வருவது வேறு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரண லென்ஸைவிட புளூ கட் மேலானது என்று தெரியவரவில்லை. கூடுதல் காசு இல்லாமல் சேர்ந்து வந்தால் வரட்டும். அதற்கென்று தனியாகக் கொடுக்க வேண்டாம். திரையால் வரும் எரிச்சலுக்குக் கண் சிமிட்டாமல் பார்ப்பதும், ஏ.சி. காற்றும்தான் முக்கியக் காரணம்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதில் இரண்டாவதற்கும் லென்ஸ் சேருமா, எந்த லென்ஸ் என்று கேளுங்கள். வரியையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடி, லென்ஸ், ஃபிரேம் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் இன்னும் 12 போட்டிருந்தால் நிறுத்திக் கேளுங்கள். பவர் இல்லாத கூலிங் கிளாஸுக்கு இந்தச் சலுகை இல்லை. அலுவலகக் காப்பீட்டில் வெளிநோயாளி செலவு சேர்ந்திருந்தால் சில திட்டங்கள் கண்ணாடிக்கும் தருகின்றன. சாதாரண மெடிக்ளெய்ம் பொதுவாகத் தராது.

"சீட்டைத் தர மாட்டேன் என்கிறார்கள், தந்தால் பி.டி. இல்லை"

இலவச டெஸ்ட் என்றால் வாங்கினால்தான் சீட்டு என்று சில கடைகள் சொல்லும். உட்காரும் முன்பே "சீட்டு தருவீர்களா, கட்டணம் எவ்வளவு" என்று கேட்டு, கட்டணம் கொடுத்தாவது வாங்குங்கள். அந்தச் சின்னத் தொகை உங்களுக்கு எந்தக் கடையிலும் வாங்கும் சுதந்திரத்தைத் தருகிறது. மருத்துவமனையில் சீட்டு எப்படியும் கிடைக்கும். கீழேயே உள்ள அவர்கள் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பி.டி.யை வீட்டில் அளக்கலாம். எதிரே ஒருவரை உட்காரவைத்து, உங்கள் பார்வை அவருக்குப் பின்னால் தூரத்தில் இருக்க, மில்லிமீட்டர் ஸ்கேலை நெற்றியில் வைத்து ஒரு பாவையின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவை அளந்து ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரே பவர் லென்ஸை ஆன்லைனில் வாங்க இது போதும். ஃபிரேம் அளவுக்குப் பழைய கண்ணாடிக் காம்பின் உட்புறம் பாருங்கள்: 52, 18, 140 என்று மூன்று எண் இருக்கும். லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், காம்பு நீளம். அதை ஒட்டியே எடுத்தால் தவறாது. புரோகிரசிவையும் 6-க்கு மேற்பட்ட பவரையும் மட்டும் முகத்தில் வைத்து அளக்காமல் வாங்காதீர்கள்.

"ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பவர் மாறுகிறது"

மறுபடி மறுபடி லென்ஸ் மாற்றுவதை நிறுத்துங்கள். காரணம் தேட வேண்டும். ஐம்பத்தைந்து, அறுபதுக்கு மேல், மைனஸ் ஏறிக்கொண்டே போய், படிக்கக் கண்ணாடியே வேண்டாம் என்று திடீரென்று ஆனால் பலர் மகிழ்ச்சி அடைகிறார்கள். அது பெரும்பாலும் புரை முற்றுவதன் அறிகுறி. அறுவை சிகிச்சை நெருங்குகிறது என்றால் விலை கூடிய லென்ஸ் வாங்காதீர்கள். சிகிச்சைக்குப் பின் பவர் அடியோடு மாறிவிடும். புதுக் கண்ணாடியை வழக்கமாக ஒரு மாதம் கழித்து எழுதித் தருவார்கள். இளைஞருக்கு, அதிலும் கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவருக்கு, சிலிண்டர் வேகமாக ஏறினால் கருவிழி கூம்புகிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லா வயதிலும் சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

"குழந்தை போர்டு தெரியவில்லை என்கிறது"

கம்ப்யூட்டர் இயந்திரத்தை மட்டும் நம்பி குழந்தைக்குக் கண்ணாடி போடாதீர்கள். குழந்தையின் கண் இழுத்துப் பிடித்துப் பார்க்கும் சக்தி அதிகம் உள்ளது. இயந்திரம் அதை மைனஸ் என்று எடுத்துக்கொள்ளும். சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர்த்தித்தான் அளக்க வேண்டும். கலங்கல் மறுநாள் வரை நீடிக்கலாம் என்பதால் பரீட்சைக்கு முந்தின நாள் வேண்டாம். ஒரு கண்ணில் மட்டும் பவர் இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ தள்ளிப் போடுவது பெரிய நஷ்டம். சோம்பேறிக் கண்ணுக்கு ஏழெட்டு வயதுக்குள் செய்யும் சிகிச்சைதான் நன்றாகப் பலிக்கும். அரசுப் பள்ளியில் படிக்கிற குழந்தைக்கு பள்ளிப் பரிசோதனை மூலம் கண்ணாடி இலவசமாகக் கிடைக்கும். வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், எளிதில் உடையாது.

சில்லறைக் கோளாறுகள்

லென்ஸ் முழுதும் சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்பு: கோட்டிங் வெப்பத்தில் வெடித்திருக்கிறது. வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு, வெந்நீர், இந்த இரண்டும்தான் வழக்கமான காரணங்கள். சரி செய்ய முடியாது, லென்ஸ்தான் மாற்ற வேண்டும். கண்ணாடி நழுவுகிறது, காதுக்குப் பின்னால் புண், மூக்கில் தழும்பு: இவற்றைக் கடையில் காம்பை வளைத்து நிமிடத்தில் சரி செய்வார்கள், இலவசமாக. துப்பட்டாவால், சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரில் அலசுங்கள்.

"மாற்றித் தர முடியாது என்கிறார்கள்"

பவர் போட்டுச் செய்த லென்ஸுக்குப் பணம் திரும்பக் கிடைப்பது கடினம், மாற்று லென்ஸ் கேட்பதுதான் நடைமுறை. வேறு கடையில் எடுத்த லென்சோமீட்டர் அளவு சீட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் தவறு கடையுடையது, அதைக் காட்டிக் கேளுங்கள். லென்ஸும் சீட்டும் ஒத்துப்போகிறது, பார்வைதான் இல்லை என்றால் எழுதிக் கொடுத்த இடத்துக்குப் போய் மறுபரிசோதனை கேளுங்கள். பல மருத்துவமனைகள் குறிப்பிட்ட நாளுக்குள் கட்டணம் வாங்காமல் பார்ப்பார்கள். சீட்டில் தவறு என்று அவர்களே திருத்தி எழுதித் தந்தால், லென்ஸ் செலவில் ஒரு பங்கையாவது யார் ஏற்பது என்று அங்கேயே பேசிவிடுங்கள். டெஸ்டும் கண்ணாடியும் ஒரே இடம் என்றால் இந்த இழுபறி இல்லை, அந்த ஒரு வசதிக்காகவே புரோகிரசிவை நான் ஒரே இடத்தில் செய்யச் சொல்வேன். முன்பணம் கொடுக்கும்போதே "பவர் செட் ஆகவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள்" என்று கேட்டு, பதிலைப் பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள்.

அப்புறமும் மசியவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சீட்டு, பில், லென்சோமீட்டர் தாள் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். புகார் பதிவானதும் ஒரு எண் தருவார்கள். அந்த எண்ணை வாங்கிக்கொண்டு மறுபடி ஒருமுறை கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.